கோத்தகிரி இனவரைவியல் பயிலரங்கு: மருத்துவ ஆசிரியர்கள் போகலாமா?

போன நவம்பரில் கோத்தகிரியில் ஐந்து நாள் தங்கி ஒரு பயிலரங்கில் கலந்துகொண்டேன். மருத்துவக் கல்வியில் இனவரைவியல் முறைகளை, அதாவது மக்களோடு இருந்து பார்த்தும் கேட்டும் எழுதுகிற ஆய்வு முறைகளை, எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் பொருள். கட்டணம் 11,500 ரூபாய். தங்குவதும் சாப்பாடும் அதற்குள் அடக்கம். நாங்கள் 18 பேர். பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள், நான்கு பேர் செவிலியர் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள், ஒருவர் பிசியோதெரபி ஆசிரியர். நடத்தியது ஒரு சின்னக் குழு: இரண்டு மானிடவியல் ஆசிரியர்கள், ஒரு மருத்துவர். திரும்பி வந்ததிலிருந்து கூட வேலை செய்பவர்கள் "லீவு போட்டுப் போகிற அளவுக்கு இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் கொங்குப் பக்கம் ஒரு கல்லூரியில் பொது மருத்துவத் துறையில் 16 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். எண்களோடு செய்யும் ஆராய்ச்சி பழக்கம். இனவரைவியல் என்றால் காட்டுக்குள் போய்ப் பழங்குடிகளைப் பற்றி எழுதுவது என்றுதான் நினைத்திருந்தேன். போகத் தூண்டியது, குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின் பதிவேடுகள். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதல் வருடத்திலேயே சில குடும்பங்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்து, தொடர்ந்து போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. என்னிடம் 30 மாணவர்களின் பதிவேடுகள் வந்தன. முப்பதிலும் ஒரே வாக்கியங்கள்: "குடும்பத் தலைவர் கூலித் தொழிலாளி. குடிநீர் வசதி உண்டு. நல்ல ஒத்துழைப்பு கொடுத்தனர்." இத்தனை வீடுகளுக்குப் போய்வந்த பிள்ளைகளால் ஒரு வீட்டைக்கூட இன்னொரு வீட்டிலிருந்து வேறுபடுத்திக் காட்ட முடியவில்லை. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பார்ப்பது எப்படி, பார்த்ததை எழுதுவது எப்படி என்று நாங்கள் யாரும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கும் தெரியாது. அதற்காகத்தான் போனேன்.

முதல் நாள் வரலாறு. சலிப்பாக இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன், ஆனால் அப்படி இல்லை. நீலகிரியில் தோடர் பழங்குடியினரிடையே 1901, 1902-இல் தங்கி ஆய்வு செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் ஒரு மருத்துவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. லண்டனில் மருத்துவம் படித்தவர், கேம்பிரிட்ஜில் புலன்களின் இயக்கத்தைப் பாடம் எடுத்தவர். 1898-இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் சேர்ந்து, பார்வையைச் சோதிக்கப் போன இடத்தில், யார் யாருக்கு என்ன உறவு என்று குடும்பத்துக்குக் குடும்பம் எழுத ஆரம்பித்தார். அதே முறையை நீலகிரியிலும் செய்து 1906-இல் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். முதல் உலகப் போரின்போது, மனம் உடைந்து திரும்பிய அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்தில் சிகிச்சை கொடுத்தவரும் இவர்தான். நாம் இன்று நோயாளியிடம் குடும்ப வரலாறு கேட்டு வட்டமும் சதுரமுமாகப் படம் போடுகிறோமே, அதற்கு நெருக்கமான ஒரு முறையை இந்த மலையில் ஒரு மருத்துவர் உட்கார்ந்து செய்திருக்கிறார். அதைக் கேட்டபோது இந்த முறை நமக்கு அந்நியம் என்ற எண்ணம் என்னிடமிருந்து போய்விட்டது.

இங்கேயே என் முதல் குறையையும் சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் மூலமாகத்தான் பேசினார் என்பதை ஆசிரியர் நேர்மையாகச் சொன்னார். ஆனால் தோடர்களைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிய அந்த அறையில் ஒரு தோடர்கூட இல்லை. ஊட்டி 30 கிலோமீட்டர்கூட இல்லை. தங்களைப் பற்றி எழுதப்பட்டதை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒருவரை அழைத்துக் கேட்டிருக்கலாம், கேட்டிருக்கவும் வேண்டும். கருத்துப் படிவத்திலும் இதை எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயிலரங்கின் உயிர். அருகில் ஒரு சிறிய மருத்துவமனையின் புறநோயாளர் பகுதியில், முன்னதாக அனுமதி வாங்கி, எங்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தார்கள். வெள்ளைக் கோட்டு கிடையாது, ஸ்டெதஸ்கோப் கிடையாது. யாருக்கும் வைத்தியம் சொல்லக் கூடாது, யாருக்கும் பாடம் எடுக்கக் கூடாது. யாராவது கேட்டால் நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவரைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. இரண்டு மணி நேரம். பார்க்கும்போது ஒற்றைச் சொல்லாகக் குறித்துக்கொண்டு, அன்றிரவு தூங்குவதற்கு முன் முழுக் குறிப்பாக எழுதிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்தை எழுத எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது.

அப்படி எழுதியதில் முதல் வரி இது: "ஓ.பி. கூட்டமாக இருந்தது. நோயாளிகள் பொறுமையாகக் காத்திருந்தனர்." மறுநாள் காலை மானிடவியல் ஆசிரியர் அதை வாசித்துவிட்டு, "கூட்டம்னா எத்தனை பேரு மேடம்? பொறுமைன்னு சொன்னது அவங்களா, நீங்களா?" என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. ஆனால் பதிவேட்டில் மாணவர்கள் எழுதிய "நல்ல ஒத்துழைப்பு" என்ற சொல் அந்த நிமிடமே எனக்கு ஞாபகம் வந்தது.

அன்று மறுபடியும் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். 41 பேர் இருந்தார்கள். உட்கார 14 பேருக்குத்தான் இடம். பெண்கள் பெரும்பாலும் வெளிப் படியில், வெயில் விழுகிற பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் மூன்று தடவை எழுந்து 12.40 பஸ் போய்விட்டதா என்று கேட்டார். எதிரே டீக்கடை இருந்தும் ஒருவரும் போகவில்லை. ஒரு அம்மாவிடம் கேட்டபோது, "டோக்கன் கூப்பிடறப்ப இல்லேன்னா கடைசிக்குத் தள்ளிருவாங்கம்மா" என்றார். நான் பொறுமை என்று எழுதியது அந்தப் பயத்தை. ஆறு நாள் வகுப்பு எடுத்தாலும் இதை எனக்குப் புரியவைத்திருக்க முடியாது. அதே பெஞ்சில் இரண்டாவது முறை உட்காரவைத்ததுதான் புரியவைத்தது.

அடுத்தது, குறிப்புகளைச் சத்தமாக வாசிப்பது. இதைத்தான் நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். என்னோடு உட்கார்ந்தவர் சென்னையிலிருந்து வந்த உடலியங்கியல் ஆசிரியர், இளைஞர். ஒரே பெஞ்சு, ஒரே நேரம், இரண்டு வேறு குறிப்புகள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா, வயது 58, தோள்பட்டை வலிக்காக வந்திருந்தார். நாளைக் காலை வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். "நாளைக்கும் வந்தா பேரு விழாதே சார்" என்றார் அந்த அம்மா. அப்புறம் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த பயிற்சி மருத்துவர், நோயாளி சம்மதித்ததாகச் சீட்டில் எழுதிக்கொண்டார். என் தோழர் தன் குறிப்பில், "மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் விடுபட்டுவிடும் என்று அஞ்சுகிறார்" என்று எழுதியிருந்தார். நானோ அந்த வாக்கியத்தையே விட்டுவிட்டிருந்தேன். வலியைப் பற்றியதாக இல்லாததால் காதில் ஏறவில்லை.

குன்னூர்ப் பக்கம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த ஒரு செவிலியர் ஆசிரியை எங்களோடு இருந்தார். அவர்தான் விளக்கினார். பேர் என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு. வேலைக்குப் போனால் பேர் விழும். நேரம் கழித்துப் போனாலோ எடை குறைந்தாலோ அரைப் பேர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் புழங்கிய சொல், 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களோடு இந்த மலைக்கும் வந்திருக்கிறது. அவர் வீட்டில் இன்னமும் அப்படித்தான் பேசுகிறார்களாம். அந்த அம்மாவுக்கு நாளைக் காலை ரத்தப் பரிசோதனை என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். தலையாட்டியது சம்மதம் இல்லை, "என்னால் வர முடியாது" என்பதுதான். ரத்தத்தைச் சர்க்கரைக்காக எடுக்கச் சொன்னார்கள். சர்க்கரை இருந்தால் தோள் இறுகிப்போவது சகஜம் என்பதால் அது தேவையான பரிசோதனைதான். ஆனால் அந்தப் பயிற்சி மருத்துவர் அன்று கற்றுக்கொண்டது, தலையாட்டினால் சம்மதம் என்று எழுதலாம் என்பதை. அதை அவருக்கு யாரும் பாடமாக எடுக்கவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாமலே கற்றுக்கொள்ளப்படும் இந்த மாதிரி விஷயங்களை 1994 வாக்கில் ஃபிரெடெரிக் ஹாஃபர்ட்டி மறைபாடத்திட்டம் என்று மருத்துவக் கல்வியில் பேசினார். பெயரை முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

குறிப்புகளைத் தமிழிலேயே எழுதச் சொன்னதை இந்தப் பயிலரங்கின் பெரிய பலமாக நினைக்கிறேன். சொன்னவர் எந்த மொழியில், எந்தச் சொல்லில் சொன்னாரோ அதே சொல்லில் எழுத வேண்டும். அந்த அம்மா தோள்பட்டை "கடுக்குது" என்றார், ராத்திரியில் "குடையுது" என்றார், விரல்கள் "மதமதன்னு இருக்கு" என்றார். சீட்டில் இருந்தது ஒரே சொல்: பெயின். குத்துகிறது, எரிகிறது, சுருக்கென்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, இழுத்துப் பிடிக்கிறது என்று நம் ஆட்கள் எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள்! எரிச்சலும் மதமதப்பும் நரம்பைப் பார்க்கச் சொல்கின்றன. கடுப்பு தசையைப் பார்க்கச் சொல்கிறது. அந்த வேறுபாட்டைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும் அரை நிமிடத்தில் நம் மாணவர்கள் தொலைத்துவிடுகிறார்கள். பதினாறு வருடமாக நானும் அதைத்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு செய்துவிட்டுக் கடைசி நாள் அறிக்கையை மட்டும் ஆங்கிலப் படிவத்தில், 500 சொற்களில் கேட்டார்கள். ஏன் என்று புரியவில்லை. என் "பேர் விழாதே" அதில் ஊனமாகிப் போனது. ஒப்புதல் படிவமும் அப்படித்தான். தமிழில் இருந்தாலும் வக்கீல் தமிழ். படிக்கச் சொல்லி நீட்டினால் மக்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், படிப்பதில்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் கேட்பது பங்கேற்பவருக்குப் புரிந்த ஒப்புதலை. அதை எப்படிப் பேசி வாங்குவது என்பதற்குத் தனியாக ஒரு பயிற்சி வைத்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் மதியம் கணினி மென்பொருள். பாதிப் பேருடைய மடிக்கணினியில் ஏறவில்லை, இணையமும் இழுத்தது. அந்த மூன்று மணி நேரத்தைக் குறிப்புகளை அலசுவதற்குக் கொடுத்திருக்கலாம். குறிப்பிலிருந்து கருத்துக்கு எப்படிப் போவது என்பதற்கு ஐந்தாம் நாள் காலை மட்டும்தான் கிடைத்தது, அது போதவே இல்லை.

ஆனாலும் அந்தக் காலையில் சொன்ன ஒரு கதை என்னோடு ஊருக்கு வந்தது. 1950-களில் ஹோவர்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் தன் குழுவோடு கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் பின்னாலேயே வார்டு வார்டாக நடந்தார். ஒரு நாள் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மாணவர் அவரை "கிராக்" என்றார். நம் பேச்சில் வரும் கிராக்கு அல்ல, பழைய மண்சட்டியைக் குறிக்கும் சொல். பெக்கர் உடனே, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். மாணவர்களால் சட்டென்று சொல்ல முடியவில்லை. விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் புரிந்தது: ஏகப்பட்ட தொந்தரவு சொல்வார், ஆனால் உடலில் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது, அப்படிப்பட்டவரிடம் கற்க ஒன்றுமில்லை, இருக்கிற கொஞ்ச நேரமும் போகிறது என்பது மாணவர்களின் கணக்கு. அவர்கள் எதைக் கற்கத் தகுந்தது என்று நினைக்கிறார்கள் என்பது அந்த ஒரு சொல்லில் இருந்தது. "உங்க வார்டுல தினமும் காதுல விழற, யாரும் அர்த்தம் கேக்காத சொல் எது?" என்று எங்களைக் கேட்டார்கள். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "நல்ல கேஸ்."

திரும்பி வந்து அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டேன். சொந்த வார்டில் நான் தேர்வாளர், நான் நின்றால் பிள்ளைகள் வேறு மாதிரி நடப்பார்கள். அதனால் வேறு துறையில் போய்ப் பாருங்கள் என்று பயிலரங்கில் சொன்ன ஆலோசனைப்படி, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, அறுவைச் சிகிச்சை வார்டில் 11 காலைகள் உட்கார்ந்தேன். ஏழாம் படுக்கையில் வயிறு சரியில்லை என்று படுத்திருந்த ஒரு பெண்ணிடம் நான்கு காலைகளில் ஒரு மாணவரும் வரவில்லை. நான்காம் படுக்கையில் கழுத்தில் தைராய்டு கட்டியோடு ஒரு பாட்டி. அவரிடம் ஒரே காலையில் ஒன்பது பேர். மூன்றாம் நாளுக்குள் பாட்டிக்கு நாங்கள் பரிசோதிக்கும் வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. கை நடுங்கக் கழுத்தைத் தொட்டுக்கொண்டு நின்ற ஒரு மாணவியிடம், "தண்ணி குடிக்கச் சொல்லு கண்ணு, அப்பத்தான் கட்டி மேல ஏறும். பின்னால நின்னு தொடு" என்று சொல்லிக்கொடுத்தார். சரியான முறை. அந்த மாணவிக்கு அன்று ஆசிரியர் அந்தப் பாட்டிதான். அவர் பெயர் என்ன என்று கேட்டேன், மாணவிக்குத் தெரியவில்லை. இதை மாணவர்களுக்கே வாசித்துக் காட்டினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. மறுநாள் இரண்டு பேர் ஏழாம் படுக்கைக்குப் போயிருந்தார்கள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மருத்துவர்களின் தொடர்கல்விக் கணக்கில் சேரும் கிரெடிட் மணி கிடையாது, விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்; பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் இதற்கு வர வேண்டாம். மனதில் ஒரு கேள்வியோடு வருபவர்களுக்குக் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். செவிலியர் ஆசிரியர்கள் அவசியம் போகலாம். ஐந்து நாளில் மிகச் சிறந்த ஒரு மணி நேரம், கடைசி நாள் மதியம் நீலகிரியின் படுகர் சமூகத்துச் செவிலியர் ஒருவர் பேசியது: ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) கர்ப்பிணிகள் எதை மருத்துவரிடம் சொல்கிறார்கள், எதைத் தன்னிடம் மட்டும் சொல்கிறார்கள் என்பது பற்றி. அவரை முதல் நாளே பேசவிட்டிருந்தால் நாங்கள் அந்த பெஞ்சில் இன்னும் நன்றாகப் பார்த்திருப்போம்.

அறை சுத்தம், ஆனால் ஈரவாடை. வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழரை வரைதான். சாப்பாடு மிக நன்றாக இருந்தது. அவரைக்கொட்டைக் குழம்பும் சாயங்கால வர்க்கியும் மறக்க முடியாதவை. பயிலரங்குக்குப் பிறகு இரண்டு இணையவழிச் சந்திப்பு உண்டு என்றார்கள். ஒன்று நடந்தது, பயனுள்ளதாகவும் இருந்தது. இரண்டாவதற்கு இன்னும் தேதி சொல்லவில்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டிருக்கிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போவதே வசதி. நவம்பர் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் நிறுத்திவைப்பார்கள், அதனால் பயிலரங்கு தொடங்குவதற்கு முந்தின நாள் மதியமே ஏறிவிடுங்கள். ஸ்வெட்டர், தடித்த காலுறை, சட்டைப் பையில் அடங்குகிற கோடு போட்ட நோட்டு இரண்டு. பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், காலைக் குளிரில் வெளிப் படியில் உட்கார்ந்தபோது என் பேனா சரியாக எழுதவில்லை.